சிறார் விளையாட்டும் பொதுநிதியும்

முன்னுரை

குழந்தையின் விளையாட்டைத் தமிழ் மரபு சிறு பொருளாகக் கருதியதில்லை. தொல்காப்பியர் உரியியலில் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களையும் விளையாட்டு என்னும் பொருளுக்கு உரியனவாக வகுத்துக் காட்டுகிறார். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் பத்துப் பருவங்களைக் கொண்டது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பன பெரும்பான்மையாக அமைவன. இவ்வாறும் விளையாட்டுகளே. நபிகள் நாயகம் அவர்கள் மீது பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவர்களும் இவ்விலக்கிய வகையைப் போற்றி வளர்த்தனர்.

ஆயினும் ஒரு வினாவை நம் புலவர்கள் எழுப்பவில்லை. குழந்தைகள் எங்கே விளையாடுவார்கள் என்பதே அவ்வினா. எழுப்ப வேண்டிய தேவை அன்று இல்லை. ஊர்நடு மன்றம், ஆற்று மணல், மந்தைவெளி, பொட்டல், வீட்டு முன்றில் ஆகிய யாவும் அவர்களுக்குத் திறந்திருந்தன. அவ்விடங்கள் கட்டணம் கேட்டதில்லை. இன்று மந்தைவெளி என்பது பல ஊர்களில் பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது. வீதி வண்டிகளுக்கு உரியதாகிவிட்டது. ஆகவே விளையாட இடம் வேண்டுமாயின் அதனை யாரேனும் ஒதுக்க வேண்டும், பேண வேண்டும், அதற்குப் பணம் செலவிட வேண்டும். அந்த யாரேனும் யார் என்பதே இன்றைய கேள்வி.

சிறார் விளையாட்டுக்கும் ஊரார் விளையாட்டுக்கும் பொதுநிதி எவ்வாறு அளிக்கப்பட்டால் நிலைக்கும் என்பதை அயல்நாட்டுப் பட்டறிவு சிலவற்றைக் கொண்டும், நம் நாட்டுச் சட்டங்களைக் கொண்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டு உரிமையான வரலாறு

1989 நவம்பர் 20ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. அதன் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமைகளாக அறிவிக்கிறது. கல்வி, உணவு, மருத்துவம் ஆகியவற்றைப் பேசும் அதே ஆவணத்தில் விளையாட்டும் இடம்பெற்றமை கருதத்தக்கது. இந்தியா 1992 டிசம்பரில் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 11ஆம் நாளைப் பன்னாட்டு விளையாட்டு நாளாக அறிவித்தது.

உரிமை ஏட்டில் இருக்க, நடைமுறை வேறாக இருக்கிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் உழைக்கும் இயக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 146 நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, 11 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 81 விழுக்காட்டினர் 2016ஆம் ஆண்டில் இவ்வளவை எட்டவில்லை எனக் கண்டது. சிறுவரில் 78 விழுக்காடு. சிறுமியரில் 85 விழுக்காடு. சிறார் ஆடாமைக்குச் சோம்பலே காரணம் என்று கூறிவிடுவது எளிது. ஆடுவதற்கு இடம் இருந்ததா, அவ்விடம் நடந்து செல்லும் தொலைவில் இருந்ததா, அதன் கதவு திறந்திருந்ததா என்று கேட்ட பின்னரே அவ்வாறு கூறுவது நேர்மை.

ஆம்ஸ்டர்டாமின் சிறு திடல்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் வறுமையில் இருந்தது. போரில் பாழடைந்த மனைகளும் பயனற்ற மூலைகளும் நகரெங்கும் கிடந்தன. நகராட்சியின் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய இளம் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், 1947இல் பெர்டல்மான் சதுக்கத்தில் முதல் திடலை அமைத்தார். ஒரு மணற்குழி, சில உலோகக் கம்பிகள், அமர்வதற்குப் பலகைகள் என எளிய பொருள்களே அதில் இருந்தன. அதனைக் கண்ட அண்டைத் தெருவினர் தங்களுக்கும் அத்தகைய திடல் வேண்டுமென நகராட்சிக்குக் கடிதம் எழுதினர். கடிதங்கள் பெருகின, திடல்களும் பெருகின. 1978க்குள் எழுநூறுக்கும் மேற்பட்ட திடல்கள் அந்நகரில் தோன்றின.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, செல்வம் நிரம்பிய பின் விளையாட்டைப் பற்றி எண்ணலாம் என்று அந்நகரம் காத்திருக்கவில்லை. இரண்டாவது, பெரிய அரங்கம் ஒன்றைக் கட்டுவதற்கு மாறாகத் தெருவுக்கு ஒரு சிறு திடல் என்னும் வழியை அது மேற்கொண்டது. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரங்கம் இருந்தும் இல்லாததே.

இங்கிலாந்து கற்பிக்கும் பாடம்

இங்கிலாந்தின் வரலாறு சற்று விரிவாகக் காணத்தக்கது. பொதுநிதியின் வலிமையையும் வலுவின்மையையும் அது ஒருங்கே காட்டுகிறது.

1925இல் அந்நாட்டில் தேசிய விளையாட்டுத் திடல் சங்கம் தோன்றியது. 1936இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மறைந்தபோது, அவருக்குச் சிலை வைப்பதோடு நின்றுவிடாமல், நாடெங்கும் அவர் பெயரால் விளையாட்டுத் திடல்கள் அமைக்க நிதி திரட்டினர். அவ்வாறு 471 திடல்கள் உருவாயின. அவை விளையாட்டுக்கே உரியவை என அறக்கட்டளைப் பத்திரத்தின் வழி உறுதி செய்யப்பட்டன. பொருளை இறைவழியில் நிலையாக ஒதுக்கி, அதன் பயனை மக்களுக்கு விடும் வக்ஃபு முறையை அறிந்த நமக்கு இக்கருத்து புதியதன்று. கொடுத்தவர் மறையலாம், நிருவாகிகள் மாறலாம், கொடையின் நோக்கம் மாறாது என்பதே இவ்விரண்டின் உட்பொருள்.

1994 நவம்பரில் அந்நாட்டில் தேசியப் பரிசுச்சீட்டு தொடங்கப்பட்டது. அதன் வருவாயில் ஒரு பகுதி விளையாட்டு உள்ளிட்ட பொதுநலப் பணிகளுக்கு எனச் சட்டம் வகுத்தது. இவ்வழியில் 2006 முதல் சிறார் விளையாட்டுக்கென 15.5 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. குழந்தைகளின் எண்ணிக்கையும் வறுமையின் அளவும் கணக்கிடப்பட்டு, இங்கிலாந்தின் ஒவ்வொரு உள்ளாட்சிப் பகுதிக்கும் பங்கு வகுக்கப்பட்டது. இப்பங்கீட்டு முறை பாராட்டத்தக்கது. எனினும் பணம் வந்த வாயில் நம்மை எண்ண வைக்கிறது. பரிசுச்சீட்டு வாங்குவோரில் ஏழை எளியோரும் அடங்குவர். தந்தை தோற்ற பணத்தில் மகனுக்கு ஊஞ்சல் கட்டுவது அறமாகுமா? தமிழ்நாட்டில் 2003இல் பரிசுச்சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. ஆகவே அவ்வழி நமக்கு இல்லை, இல்லாமையே நன்று.

2008இல் இங்கிலாந்து அரசு வரிப்பணத்திலிருந்தே 23.5 கோடி பவுண்டு ஒதுக்கி ஒரு விளையாட்டுத் திட்டத்தை வெளியிட்டது. 3,500 திடல்களைப் புதிதாக அமைப்பது அல்லது புதுப்பிப்பது, 30 சாகசத் திடல்களை உருவாக்குவது என்பன அதன் குறிக்கோள்கள். 2020ஆம் ஆண்டை நோக்கிய நெடுந்திட்டமாக அது அறிவிக்கப்பட்டது. 2010 மே மாதம் ஆட்சி மாறியது. பொருளாதார நெருக்கடியில் சிக்கனம் வேண்டும் என்ற புதிய அரசு, விளையாட்டுக்கெனத் தனியே காக்கப்பட்ட நிதியின் வேலியை நீக்கியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு எண்ணிய திட்டம் இரண்டே ஆண்டுகளில் முடிவுற்றது.

1936ஆம் ஆண்டின் நினைவுத் திடல்கள் பல ஆட்சி மாற்றங்களையும் ஓர் உலகப் போரையும் கடந்து நின்றன. 2008ஆம் ஆண்டின் திட்டம் ஒரு தேர்தலைக் கடக்கவில்லை. தொகையின் சிறுமை பெருமை இதற்குக் காரணமன்று. முன்னது பத்திரத்தால் கட்டப்பட்டது. பின்னது அமைச்சரவையின் விருப்பத்தால் மட்டும் நின்றது. வேறுபாடு அவ்வளவே.

வேல்ஸ் காட்டும் வழி

இங்கிலாந்தின் அண்டைப் பகுதியான வேல்ஸ் அதே 2010ஆம் ஆண்டில் வேறொரு வழியைத் தேர்ந்தது. குழந்தைகள், குடும்பங்கள் குறித்து அங்கு இயற்றப்பட்ட சட்டம், தன் எல்லைக்குள் சிறார் விளையாடப் போதிய வாய்ப்பு உள்ளதா என்று மதிப்பிடும் கடமையை ஒவ்வொரு உள்ளாட்சி மன்றத்துக்கும் விதித்தது. 2012 முதல் இம்மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டுக்கு ஒரு முறை அது செய்யப்படுகிறது. குறைகளைக் களையும் செயல்திட்டமும் உடன் வகுக்கப்படுகிறது. திடல்களின் எண்ணிக்கையை மட்டும் கூறினால் போதாது. திடலுக்குச் செல்லும் வழியில் வண்டிப் போக்குவரத்து எத்தகையது, மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் அங்கு ஆட இயலுமா, கட்டணம் ஏழைக் குழந்தையைத் தடுக்கிறதா என்பனவும் ஆராயப்படுகின்றன.

கடமையைச் சட்டமாக எழுதிவிட்டால் பணம் தானாகவே வந்துவிடும் என்று கூறுவதற்கில்லை. வேல்ஸின் உள்ளாட்சிகளும் நிதி நெருக்கடியை அறியாதனவல்ல. ஆனால் அங்கு விளையாட்டு வாய்ப்பைக் குறைக்க விரும்பும் மன்றம் கணக்குச் சொல்லியாக வேண்டும். கணக்குக் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. சலுகையைப் பறிப்பவன் விடை கூற வேண்டியதில்லை. கடமையைத் தவறுபவன் விடை கூறியே ஆக வேண்டும்.

நம் நாட்டுச் சட்டங்கள்

நம் நாட்டில் இத்தகைய அடித்தளம் இல்லையோ எனின், உண்டு, சிதறிக் கிடக்கிறது. விளையாட்டு என்பது அரசமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலைச் சார்ந்தது. 1992இல் நிறைவேறிய 74ஆம் திருத்தம் இணைத்த பன்னிரண்டாவது அட்டவணை, பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை அமைத்தலை நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு இருக்க வேண்டியனவற்றுள் விளையாட்டுத் திடலையும் சேர்த்துள்ளது. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்க 1959இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பெரிய மனைப்பிரிவுகள் அமைப்போர் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்னும் விதியும் உண்டு.

நீதிமன்றமும் இதில் உறுதி காட்டியுள்ளது. பெங்களூரில் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்கு அளித்தபோது, அப்பகுதி மக்கள் வழக்குத் தொடர்ந்தனர். 1991இல் உச்ச நீதிமன்றம் அவ்வொதுக்கீடு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மருத்துவமனை நற்பணியே. ஆயினும் ஒரு நற்பணியின் பெயரால் திறந்தவெளியைப் பறிக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து.

நிதித் திட்டங்களும் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992 முதல் இயங்குகிறது. நடுவணரசின் கேலோ இந்தியா திட்டத்துக்கு 2017-18 முதல் மூன்றாண்டுகளுக்கு 1,756 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்க்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் என எட்டாண்டுகள் உதவி அளிப்பது அதன் சிறப்புக் கூறுகளுள் ஒன்று. திறனுடையோரைப் பேணுவது வேண்டியதே. ஆனால் பதக்கம் வெல்லும் ஒருவரைத் தேடும் திட்டமும், பதக்கத்தை எண்ணாமல் மாலைப்பொழுதில் ஓடி ஆட விரும்பும் நூறு பேருக்கு இடம் தரும் திட்டமும் வெவ்வேறானவை. முன்னதற்கு விழா உண்டு; செய்தி உண்டு. பின்னதற்குப் புல் வெட்டுபவரும், விளக்குப் பழுது பார்ப்பவரும், கதவு திறப்பவரும் வேண்டும். இவர்களின் ஊதியம் எந்த விழா மேடையிலும் அறிவிக்கப்படுவதில்லை.

திறப்பு விழாக் கல்வெட்டு அழியாமல் நிற்க, ஊஞ்சலின் சங்கிலி அறுந்து தொங்குவதை நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். கட்டுவதற்குப் பணம் கிடைத்தது. காப்பதற்குக் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

சென்னையில் எழுந்த குரல்

காப்பதற்குப் பணம் இல்லை என்னும் நிலை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2024 அக்டோபரில் பெருநகர சென்னை மாநகராட்சி மன்றம், செயற்கைப் புல்தரை அமைந்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விடத் தீர்மானித்தது. ஆடுவோர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் செலுத்த வேண்டும் என்பது அதன் கூறு.

சென்னையின் வடபகுதியில், வியாசர்பாடி போன்ற இடங்களில், கால்பந்து உழைக்கும் மக்களின் ஆட்டம். அக்கட்டணத்தை அவர்கள் நிலையில் நின்று கணக்கிட்டுப் பார்ப்போம். பக்கத்துக்கு ஐவராகப் பத்துச் சிறுவர் ஒரு மணி நேரம் ஆடினால் 1,200 ரூபாய். ஒரு சிறுவன் நாள்தோறும் ஆடினால் மாதத்துக்கு 3,600 ரூபாய். அண்ணன் தம்பி இருவராயின் 7,200 ரூபாய். கூலி வேலை செய்யும் எந்தத் தந்தை இதனைத் தருவார்? இத்தீர்மானத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. மாநகராட்சியும் விரைவிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. எதிர்ப்புக்குச் செவிசாய்த்தமை பாராட்டுக்குரியது. எனினும் மன்றத்தின் மனமாற்றத்தை நம்பியே திடலின் கதவு திறந்திருக்கிறது என்பதையும் நாம் மறத்தலாகாது.

மறுப்புகளும் விடைகளும்

குடிநீரும் பள்ளிக் கூரையும் காத்திருக்க, விளையாட்டுக்குப் பொதுப்பணமா என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆனால் சிறார்க்கு இடமில்லாமையும் ஒரு செலவே. அது வேறு கணக்கில் வந்து சேர்கிறது. ஐஸ்லாந்து நாட்டில் 1998இல் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்தில் மது அருந்தி மயங்கியதாகக் கூறினர். அந்நாடு பெற்றோரை ஒருங்கிணைத்தது. இளையோர் இரவில் வெளியில் திரிவதற்கு வரம்பு வகுத்தது. விளையாட்டுக்கும் கலைக்கும் பொதுநிதியைப் பெருக்கியது. தலைநகர் ரெய்க்யவிக் 2007 முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் விளையாட்டு, கலைப் பயிற்சிக் கட்டணத்துக்கு நகராட்சி நிதியிலிருந்து உதவி வழங்கியது. 2016இல் மது மயக்க விழுக்காடு 5ஆகக் குறைந்திருந்தது. இத்தனை மாற்றமும் விளையாட்டு ஒன்றால் மட்டும் விளைந்தது எனல் மிகை. ஆயினும் கூடாது என்று விலக்கிய கை, இதோ இதைச் செய் என்று ஒரு திடலையும் காட்டியது என்பது உண்மை. இளைஞர் போதையில் வீழ்வதைக் கண்டு வருந்தும் நம் சமுதாயப் பெரியோர்க்கு இது சிந்தனைக்குரியது.

வசதியுள்ளோர் கட்டணம் செலுத்தட்டுமே என்பது மற்றொரு மறுப்பு. வளர்ந்தோரின் போட்டிகளுக்குக் கட்டணம் பெறுவதில் தவறில்லை. ஆனால் பொதுநிலத்தில் சிறார் ஆட்டத்துக்கு விலை வைத்தால், வசதியுள்ள பிள்ளையும் வசதியற்ற பிள்ளையும் ஒரே பந்தின் பின் ஓடும் காட்சி மறைந்துவிடும். சாதி, சமயம், செல்வம் ஆகிய வேறுபாடுகளைப் பிள்ளைகள் மறக்கும் இடங்கள் நாட்டில் மிகச் சில. அவற்றுள் ஒன்றை நாமே அடைத்தல் முறையன்று.

செய்யத்தக்கன

மேற்கண்ட ஆய்விலிருந்து சில பரிந்துரைகளை முன்வைக்கலாம்.

1. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லையிலுள்ள திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றின் பட்டியலை அளவோடும் நில எண்ணோடும் வெளியிட வேண்டும். பட்டியலில் இல்லாத நிலமே முதலில் பறிபோகும்.

2. திடல் அமைக்க ஒதுக்கும்போதே அதன் ஆண்டுப் பராமரிப்புக்கும் காவலர் ஊதியத்துக்கும் நிலையான தொகை ஒதுக்கப்பட வேண்டும்.

3. வேல்ஸில் உள்ளவாறு விளையாட்டு வாய்ப்பை மதிப்பிடும் கடமை சட்டமாக வேண்டும். பங்கீடு குழந்தைகளின் எண்ணிக்கையையும் வறுமையையும் கொண்டு அமைய வேண்டும்.

4. பெண்மக்களுக்கு இடமும் நேரமும் உறுதி செய்யப்பட வேண்டும். பன்னிரண்டு வயதுக்குப் பின் நம் சிறுமியர் திடலை விட்டு மறைகின்றனர். தனி நேரம், நல்ல வெளிச்சம், கழிப்பறை, பெண் பயிற்றுநர் ஆகியவை இருந்தால் தயங்கும் பெற்றோரும் இசைவர். அம்மானையும் ஊசலும் பாடிய மொழியில் பெண் குழந்தைக்கு ஆட்டம் ஆகாது என்று கூறுதல் பொருந்தாது.

5. பள்ளி, கல்லூரித் திடல்களை விடுமுறை நாள்களில் அண்டைச் சிறார்க்குத் திறந்துவிடலாம். அரசை நோக்கி விரல் நீட்டும் நாமும் நம் பூட்டைத் திறக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இவற்றுள் முதலாவதை மாணவர்களே தொடங்க இயலும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. தம் பகுதித் திடலின் பரப்பு எவ்வளவு, அதன் பராமரிப்புக்குக் கடந்த ஆண்டு செலவிட்ட தொகை எவ்வளவு என்று ஒரு மாணவர் விண்ணப்பம் எழுதினால் அதுவே பெருந்தொண்டாகும். ஆம்ஸ்டர்டாமில் எழுநூறு திடல்கள் பெருகியதற்கும் மக்கள் எழுதிய கடிதங்களே துணை நின்றன.

முடிவுரை

மைதானம் என்னும் சொல் அரபு மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நமக்கு வந்தது. திடல் என்பது நம் சொல். இரண்டும் தமிழர் நாவில் ஒன்றாகக் கலந்து வழங்குகின்றன. சொற்களைக் காத்த நாம் அவை குறிக்கும் நிலத்தையும் காக்க வேண்டும்.

விளையாட்டுக்கான பொதுநிதி ஆட்சியாளரின் கொடையாக இருக்கும்வரை, நெருக்கடி வரும்போது அதுவே முதலில் வெட்டப்படும். ஏனெனில் குழந்தைக்கு வாக்கு இல்லை. அது கடமையாக எழுதப்பட்டு, நிலம் பத்திரத்தால் காக்கப்பட்டு, பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தொகை உறுதி செய்யப்பட்டால்தான் நிலைக்கும். சிறுமியர் மணலில் கட்டிய சிற்றிலைச் சிறுவன் காலால் சிதைப்பதைப் பிள்ளைத்தமிழ் பாடுகிறது. அது விளையாட்டின் ஒரு பகுதி. சிதைந்த சிற்றிலை மறுநாள் மீண்டும் கட்டிவிடலாம். மணலையே எடுத்துக்கொண்டு, கரையையும் மனையாக விற்றுவிட்டால் மீண்டும் கட்டுவதற்கு இடமில்லை. அவ்விழப்பு நேராமல் காப்பது வாக்குரிமை பெற்ற நம் அனைவரின் பொறுப்பாகும்.